மைனஸ் பத்து அடிமானத்தில் முழு எண்களை எழுதுவதும் அவற்றின் பண்புகளைச் சோதிப்பதும் எப்படி?

ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிவரும் தொகை ஒன்பதால் வகுபட்டால் அந்த எண்ணும் ஒன்பதால் வகுபடும் என்பதைப் பள்ளி நாள்களிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் அந்த விதி ஒன்பது என்ற எண்ணுக்கே உரியதா, அல்லது பத்துப் பத்தாகத் தொகுத்து எழுதும் நம் வழக்கத்தால் வந்ததா என்று கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. எண்ணின் பண்பு எது, எழுத்துமுறையின் பண்பு எது என்று பிரித்தறிய வேண்டுமானால், அதே எண்ணை வேறோர் அடிமானத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டு, எட்டு, பதினாறு ஆகிய அடிமானங்கள் கணினிப் பாடத்தின் தயவால் பலருக்கும் பழகிவிட்டன. இந்த வழிகாட்டி அவ்வளவாகப் பழகாத ஒன்றை, அதாவது மைனஸ் பத்து அடிமானத்தை எடுத்துக்கொள்கிறது. இதிலும் 0 முதல் 9 வரையிலான அதே பத்து இலக்கங்களே பயன்படுவதால் புதிய குறி எதையும் கற்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், நாம் அசைக்க முடியாதவை என்று நினைத்திருந்த சில விதிகள் இங்கே இடம் மாறி நிற்பதைக் காணலாம்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் −1, −2 போன்ற குறை எண்கள் உயர்நிலை 1இல் அறிமுகமாகின்றன. அதைத் தாண்டிய எவரும் கீழுள்ளவற்றைத் தாளும் பேனாவும் கொண்டு செய்து பார்க்கலாம். சிங்கப்பூர்க் கணித ஒலிம்பியாட்டுக்குப் பயிலும் மாணவர்களுக்கு, மீதிகளைக் கொண்டு சிந்திக்கும் பழக்கம் இதன்வழி எளிதாகக் கைவரும். இங்கே கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவதால் சில சொற்களை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். ஓர் எழுத்துமுறையில் ஒவ்வோர் இடமும் தனக்கு வலப்பக்கத்து இடத்தைப்போல எத்தனை மடங்கோ, அந்த மடங்குதான் அடிமானம். ஒவ்வோர் இடத்திற்கும் உரிய மதிப்பு இடமதிப்பு. மைனஸ் பத்து அடிமானத்தில் எழுதப்பட்ட எண்களை [18045] என்பதுபோலச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுகிறேன். அடைப்புக்குறி இல்லாதவை நாம் அன்றாடம் எழுதும் எண்களே.

படிக்கும் முறை

வழக்கமான முறையில் இடமதிப்புகள் வலமிருந்து இடமாக 1, 10, 100, 1000, 10000 என்று செல்கின்றன. மைனஸ் பத்து அடிமானத்தில் ஒவ்வொரு முறையும் −10ஆல் பெருக்குவதால் அவை 1, −10, 100, −1000, 10000, −100000 என்று மாறி மாறி வருகின்றன. 1, 100, 10000 ஆகியவற்றை மிகை இடங்கள் என்றும், −10, −1000, −100000 ஆகியவற்றைக் குறை இடங்கள் என்றும் இனி அழைப்போம். படிப்பதற்கு வேண்டியது இவ்வளவுதான்: மிகை இடத்து இலக்கங்களின் மதிப்பைக் கூட்டி, குறை இடத்து இலக்கங்களின் மதிப்பைக் கழிக்க வேண்டும். [18045] என்பது 10000 − 8000 + 0 − 40 + 5, அதாவது 1965. சிங்கப்பூர் சுதந்திரம் பெற்ற ஆண்டு. பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்திறங்கிய 1819ஆம் ஆண்டோ இந்த முறையில் [19999] என்றாகிறது. 10000 − 9000 + 900 − 90 + 9 என்று கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழகுவதற்கு இன்னும் எண்கள் தேவையென்றால், சிங்கப்பூரில் 1995 முதல் வழங்கிவரும் ஆறிலக்க அஞ்சல் குறியீடுகள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் குறியீடு 188064. அதை மைனஸ் பத்து அடிமானத்து எண்ணாகப் படித்தால் −100000 + 80000 − 8000 + 0 − 60 + 4, அதாவது −28056 கிடைக்கிறது. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் குறியீடு 058793; முன்னாலுள்ள பூஜ்யத்திற்கு மதிப்பில்லையாதலால் அது [58793] ஆகி, 50000 − 8000 + 700 − 90 + 3 = 42613 என்ற மிகை எண்ணைத் தருகிறது. ஒன்று குறை எண்ணாகவும் மற்றொன்று மிகை எண்ணாகவும் அமைந்தது தற்செயலன்று. காரணம் சற்றுப் பின்னர் வரும்.

எழுதும் முறை

எந்த அடிமானத்திற்கும் பொருந்தும் வழி, மீண்டும் மீண்டும் வகுத்து மீதிகளைச் சேகரிப்பதே. இங்கே −10ஆல் வகுக்க வேண்டும். மீதி மட்டும் எப்போதும் 0 முதல் 9 வரை இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1965ஐ எடுத்துக்கொண்டால், முதல் வகுத்தலில் ஈவு −196, மீதி 5. அடுத்து −196ஐ −10ஆல் வகுக்கும்போது ஈவு 19 என்று எழுதக் கை நீளும். அப்படி எழுதினால் மீதி −6 ஆகிவிடும். ஆகவே ஈவு 20 என்று கொண்டால், −200உடன் 4ஐக் கூட்ட −196 வருவதால் மீதி 4. பிறகு 20ஐ வகுக்க ஈவு −2, மீதி 0. −2ஐ வகுக்க ஈவு 1, மீதி 8. கடைசியில் 1ஐ வகுக்க ஈவு 0, மீதி 1. மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 1, 8, 0, 4, 5.

இதைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிப் பார்க்க விரும்பும் சாதாரண நிலைக் கணினிப் பாட மாணவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். வகுக்கும் எண் குறை எண்ணாக இருந்தால் பைத்தான் மீதியையும் குறை எண்ணாகவோ பூஜ்யமாகவோதான் தரும். 1965ஐ −10ஆல் வகுக்கச் சொன்னால் ஈவு −197 என்றும் மீதி −5 என்றும் விடை வரும். மீதி பூஜ்யத்துக்குக் கீழே போகும்போதெல்லாம் மீதியுடன் 10ஐயும் ஈவுடன் 1ஐயும் கூட்டிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். சி, ஜாவா போன்ற மொழிகள் மீதியின் குறியை வேறு விதமாகத் தீர்மானித்தாலும் இதே திருத்தம் அவற்றுக்கும் போதும்.

ஆனால் கையால் செய்பவர்களுக்கு இதைவிட அழகான குறுக்குவழி உண்டு; எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். எண்ணுடன் 9090ஐக் கூட்டுங்கள். வந்த விடையில் குறை இடங்களில், அதாவது −10க்குரிய பத்தாம் இடத்திலும் −1000க்குரிய ஆயிரமாம் இடத்திலும் உள்ள இலக்கங்களை மட்டும் 9இலிருந்து கழித்து எழுதுங்கள்; மற்றவற்றை அப்படியே விடுங்கள். 1965 + 9090 = 11055. இதில் பத்தாம் இடத்து 5 என்பது 4 ஆகிறது, ஆயிரமாம் இடத்து 1 என்பது 8 ஆகிறது, விடை [18045].

ஏன் இப்படி என்பதைக் காண்பது கடினமன்று. ஐந்திலக்க எண் ஒன்றை [கசடதப] என்று வைத்துக்கொண்டால் அதன் மதிப்பு 10000க − 1000ச + 100ட − 10த + ப. இதனுடன் 9000ஐயும் 90ஐயும் கூட்டினால் 10000க + 1000(9−ச) + 100ட + 10(9−த) + ப என்றாகிறது. ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 9 வரை இருப்பதால் 9−ச, 9−த ஆகியவையும் அதே எல்லைக்குள் அடங்கும். எனவே நமக்குக் கிடைத்திருப்பது க, 9−ச, ட, 9−த, ப ஆகியவற்றை இலக்கங்களாகக் கொண்ட ஒரு சாதாரண எண். அந்த 9களைத் திரும்பக் கழித்துவிட்டால் நாம் தேடிய இலக்கங்கள் வெளிப்படுகின்றன. கொண்டுசெல்லும் எண்களைப் பற்றிய தலைவலியை எல்லாம் ஒரே ஒரு வழக்கமான கூட்டல் ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

இந்தக் குறுக்குவழி குறை எண்களையும் வேறுபாடின்றிக் கையாள்கிறது. −1965 + 9090 = 7125; ஆயிரமாம் இடத்து 7 என்பது 2 ஆகவும், பத்தாம் இடத்து 2 என்பது 7 ஆகவும் மாற, விடை [2175]. சரிபார்க்க: −2000 + 100 − 70 + 5 = −1965. 9090ஐக் கூட்டுவது −9090 முதல் 90909 வரையிலான எண்களுக்குப் போதுமானது. அதற்கு அப்பாற்பட்டவற்றுக்கு 909090 என்றோ 90909090 என்றோ நீட்டிக்கொள்ள வேண்டும். தேவைக்கு மேல் நீட்டினாலும் தவறில்லை, முன்னால் பூஜ்யங்கள் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

நீளமே குறியைச் சொல்லும்

இந்த அடிமானத்தின் முதல் பெரிய பண்பு, கழித்தல் குறியே இல்லாமல் எல்லா முழு எண்களையும் எழுதிவிட முடிகிறது என்பது. இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் எண் மிகை, இரட்டைப்படையானால் குறை. (பூஜ்யம் மட்டும் ஓரிலக்கமாக இருந்தும் இரண்டிலும் சேராது.) கடைத்தொகுதிகளின் மின்தூக்கியில் தரைக்குக் கீழேயுள்ள தளங்களை ‘பி1’, ‘பி2’ என்று குறித்திருப்பார்கள், அங்கே ‘பி’ என்ற எழுத்து செய்யும் வேலையை இங்கே எண்ணின் நீளமே செய்துவிடுகிறது. தேசிய நூலகத்தின் ஆறிலக்கம் குறை எண்ணாகவும், முதல் பூஜ்யத்தை உதிர்த்த கோயிலின் ஐந்திலக்கம் மிகை எண்ணாகவும் வந்ததற்குக் காரணம் இதுவே.

இதை நிறுவவும், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு வடிவம்தான் உண்டு என்று காட்டவும் ஒரே வாதம் போதும். ஓர் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டால் 0 முதல் 9 வரையிலான பத்து எண்களை எழுதலாம். இரண்டாவது இடத்தைச் சேர்க்கும்போது, அதில் எந்த இலக்கம் வருகிறதோ அதற்கேற்ப இந்தப் பத்து எண்களும் மொத்தமாக 0, 10, 20 எனத் தொடங்கி 90 வரை கீழே நகர்கின்றன. ஆகவே −90 முதல் 9 வரையிலான நூறு எண்களும் இடைவெளியோ மேற்படிவோ இன்றி நிரம்புகின்றன. மூன்றாவது இடம் இந்த நூறையும் மொத்தமாக நூறு நூறாக மேலே நகர்த்துவதால் −90 முதல் 909 வரை ஆயிரம் எண்கள் நிரம்புகின்றன. நான்காவது இடம் மீண்டும் கீழே நகர்த்தி −9090 முதல் 909 வரை பத்தாயிரம் எண்களை நிரப்புகிறது. இப்படியே தொடர்ந்தால் விடுபடும் எண் எதுவும் இராது; இரு முறை வரும் எண்ணும் இராது. முன்பூஜ்யமில்லாத ஈரிலக்க எண்கள் −90 முதல் −1 வரையிலும், மூவிலக்க எண்கள் 10 முதல் 909 வரையிலும், நாலிலக்க எண்கள் −9090 முதல் −91 வரையிலும், ஐந்திலக்க எண்கள் 910 முதல் 90909 வரையிலும் அமைகின்றன என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

எந்த எண் பெரியது என்று ஒப்பிடும்போதும் இடத்தின் வகையைப் பார்க்க வேண்டும். சம நீளமுள்ள இரண்டு எண்களை இடமிருந்து படித்துக்கொண்டு வருகையில் முதன்முதலாக வேறுபடும் இலக்கம் மிகை இடத்தில் இருந்தால் பெரிய இலக்கம் கொண்டதே பெரிய எண். குறை இடத்தில் இருந்தால் சிறிய இலக்கம் கொண்டதே பெரிய எண். சிங்கப்பூரின் தமிழ் முரசு நாளிதழ் தொடங்கப்பட்ட 1935ஆம் ஆண்டு இங்கே [18075]. அதையும் [18045]ஐயும் அடுத்தடுத்து வைத்தால் பத்தாம் இடத்தில் 7க்கு எதிரே 4 நிற்கிறது, 4 உள்ளதுதான் பிந்திய ஆண்டு.

கூட்டும்போது கவனிக்க வேண்டியது

[19999] என்ற எண்ணுடன் 1ஐக் கூட்டினால் என்ன வரும்? காரின் ஓட்டமானியைப் பார்த்துப் பழகிய கண் 20000ஐ எதிர்பார்க்கும். ஆனால் 1819க்கு அடுத்தது 1820. அதன் வடிவம் [19980]. கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே மாறியிருக்கின்றன, அதிலும் பத்தாம் இடத்து இலக்கம் கூடாமல் 9இலிருந்து 8ஆகக் குறைந்திருக்கிறது.

வழக்கமான கூட்டலில் ஓரிடத்தில் பத்துச் சேர்ந்தால் அங்கே 0 எழுதி, அடுத்த இடத்திற்கு 1ஐக் கொண்டுசெல்கிறோம். இங்கே அடுத்த இடத்தின் மதிப்பு எதிர்க்குறி கொண்டது. ஆகவே பத்துச் சேரும்போது அடுத்த இடத்திலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். [19999]இன் கடைசி இடத்தில் 9 + 1 = 10; 0 எழுதி, பத்தாம் இடத்து 9இலிருந்து 1ஐக் கழித்தால் 8. அத்துடன் கணக்கு முடிந்துவிட்டது, அதற்கு மேல் எதுவும் நகர வேண்டியதில்லை. கழிக்கப்போகும் இடத்தில் 0 இருந்தால் மட்டும் ஒரு படி கூடுதலாகச் செய்ய வேண்டும்: அங்கே −1 வருவதால் 9 என்று எழுதி, அதற்கடுத்த இடத்தில் 1ஐக் கூட்ட வேண்டும். [9] உடன் 1ஐக் கூட்டினால் [190] வருவது இதனால்தான்; 100 − 90 = 10. ஒன்பதுக்கு அடுத்து நேரே மூவிலக்கத்துக்குத் தாவுவது முதலில் விசித்திரமாகத் தோன்றினாலும், ஈரிலக்க எண்கள் அனைத்தும் குறை எண்கள் என்பதை நினைவில் வைத்தால் அது இயல்பானதே.

இந்த விதி சரியாகக் கைவந்துவிட்டதா என்று சோதிக்க, ஓர் எண்ணையும் அதன் எதிர் எண்ணையும் கூட்டிப் பார்ப்பதே சிறந்த பயிற்சி. [18045] 1965, [2175] −1965. கடைசி இடத்தில் 5 + 5 = 10, எனவே 0 எழுதி அடுத்த இடத்தில் 1ஐக் கழிக்க வேண்டும். பத்தாம் இடத்தில் 4 + 7 − 1 = 10, மீண்டும் 0, மீண்டும் ஒரு கழித்தல். நூறாம் இடத்தில் 0 + 1 − 1 = 0. ஆயிரமாம் இடத்தில் 8 + 2 = 10, அங்கும் 0, அடுத்த இடத்தில் 1 கழிகிறது. பத்தாயிரமாம் இடத்தில் 1 − 1 = 0. எல்லா இடங்களும் வெறுமையாகிவிட்டன. எந்த இடத்திலும் கழித்தல் குறி தலைகாட்டாமலேயே இரண்டு எண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன.

பெருக்கலுக்கும் இதே விதியே. −1இன் வடிவம் [19]. [19]ஐ அதனாலேயே பெருக்க, முதலில் 9ஆல் பெருக்கும்போது 81 வருகிறது; 1 எழுதி அடுத்த இடத்தில் 8ஐக் கழிக்க, 9 − 8 = 1, ஆக முதல் வரி [11]. ஓரிடம் தள்ளி எழுதும் இரண்டாவது வரி [190]. இரண்டையும் கூட்டினால் [1] மட்டுமே எஞ்சுகிறது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வரும் என்ற விதியை இங்கே யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வகுபடும் விதிகள் இடம் மாறுவது

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். 1, −10, 100, −1000, 10000 ஆகியவற்றை ஒவ்வொன்றாக 11ஆல் வகுத்துப் பாருங்கள். −10 என்பது −11 + 1. 100 என்பது 99 + 1. −1000 என்பது −1001 + 1. 10000 என்பது 9999 + 1. எல்லாவற்றிலும் மீதி 1. ஆகவே மைனஸ் பத்து அடிமானத்தில் இலக்கங்களின் கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்தால் வரும் மீதியே, எண்ணை 11ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஆகும். [18045]இன் இலக்கத் தொகை 18, அதை 11ஆல் வகுத்தால் மீதி 7; 1965 = 11 × 178 + 7. 44இன் வர்க்கமாகிய 1936 இங்கே [18076]. இலக்கத் தொகை 22 என்பதால் 11ஆல் வகுபடுவது பார்த்தவுடனே தெரிகிறது.

ஒன்பதுக்கோ இந்தச் சலுகை பறிபோய்விடுகிறது. −10 என்பது −9 − 1, −1000 என்பது −999 − 1 ஆகையால் குறை இடங்கள் ஒவ்வொன்றும் 9ஆல் வகுக்கும்போது −1ஐத் தருகின்றன; மிகை இடங்கள் +1ஐத் தருகின்றன. ஆகவே 9க்குரிய சோதனை, வலமிருந்து இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டியும் கழித்தும் செய்வது, அதாவது வழக்கமான எழுத்துமுறையில் 11க்கு நாம் செய்யும் அதே வேலை. [18045]க்கு 5 − 4 + 0 − 8 + 1 = −6; 9ஐக் கூட்டினால் 3; 1965ஐ 9ஆல் வகுத்தால் மீதி 3தான். மூன்றும் ஒன்பதோடு சேர்ந்தே இடம் மாறுகிறது.

188064 என்ற இலக்க வரிசையில் இதை இன்னும் கூர்மையாகக் காணலாம். அதன் இலக்கத் தொகை 27. சாதாரண எண்ணாகப் படிப்பவருக்கு அந்த 27, 188064 ஒன்பதால் வகுபடும் என்று சொல்கிறது. மைனஸ் பத்து அடிமானத்தில் படிப்பவருக்கு அதே 27, −28056 என்ற எண்ணை 11ஆல் வகுத்தால் மீதி 5 என்று சொல்கிறது. ஒன்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கூட்டல் ஒன்றே, வரிசையும் ஒன்றே. எதைப் பற்றிய செய்தி என்பதை அடிமானமே தீர்மானிக்கிறது. இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்கும் வேலையும் அப்படியே: 4 − 6 + 0 − 8 + 8 − 1 = −3, எனவே −28056ஐ 9ஆல் வகுத்தால் மீதி 6.

இந்த இடமாற்றத்தின் விளைவுகள் பலவற்றை நீங்களே ஊகிக்கலாம். இரண்டை மட்டும் காட்டுகிறேன். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கலைத்து வேறு வரிசையில் எழுதினால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 9ஆல் வகுபடும் என்பது கணக்குப் புதிர்களில் அடிக்கடி பயன்படும் உண்மை. இங்கே அந்த வித்தியாசம் 11ஆல் வகுபடும்: [18045]ஐத் திருப்பி எழுதிய [54081]இன் மதிப்பு 45921, அதிலிருந்து 1965ஐக் கழித்தால் 43956, அதாவது 11 × 3996. அதுபோலவே, முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கப்படும் இரட்டைப்படை நீள எண்கள் வழக்கமான முறையில் 11ஆல் வகுபடும். இங்கே அவை 9ஆல் வகுபடும். 2772ஐச் சாதாரணமாகப் படித்தால் 11 × 252. [2772] ஆகப் படித்தால் −1368, அதாவது −9 × 152.

இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றுக்குரிய சோதனைகள் மாறுவதில்லை. கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே போதும். நான்குக்கு, கடைசி இரண்டு இலக்கங்களைப் பழைய முறையில் படித்தாலும் புதிய முறையில் படித்தாலும் ஒரே முடிவுதான் வரும், ஏனெனில் இரு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பத்தாம் இடத்து இலக்கத்தின் இருபது மடங்கு.

ஏழுக்கும் பதின்மூன்றுக்கும் நிலைமை மேம்பட்டே இருக்கிறது. 1001 என்பது 7 × 11 × 13 ஆதலால், −1000ஐ இவற்றில் எதனால் வகுத்தாலும் மீதி 1. எனவே எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் மதிப்பையும் மைனஸ் பத்து முறையில் படித்து, எல்லாவற்றையும் கூட்டினால் போதும். வழக்கமான முறையில் கூறுகளை மாற்றி மாற்றிக் கழிக்க வேண்டியிருக்கிறதே, அந்தத் தொல்லை இல்லை. [18045]இல் [045] என்பது −35, [18] என்பது −2, கூட்டினால் −37. இதை 7ஆல் வகுத்தால் மீதி 5, 13ஆல் வகுத்தால் மீதி 2. 1965க்கும் அவையே மீதிகள். இதற்கு ஈடாக, 999இன் காரணியான 37க்குக் கூறுகளைக் கழிக்க வேண்டியதாகிறது: −35 − (−2) = −33, அதாவது மீதி 4; 1965 = 37 × 53 + 4.

இவற்றுக்கெல்லாம் அடியிலுள்ள விதி ஒன்றுதான். எந்த அடிமானத்திலும், அடிமானத்திலிருந்து 1ஐக் கழித்தால் வரும் எண்ணின் காரணிகளுக்கு இலக்கத் தொகை உதவும். 1ஐக் கூட்டினால் வரும் எண்ணின் காரணிகளுக்கு மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிப்பது உதவும். பத்துக்கு அவை 9உம் 11உம். மைனஸ் பத்துக்கு −11உம் −9உம்.

மைனஸ் இரண்டு

குறை அடிமானங்களைப் பற்றி முதலில் எழுதியவர் இத்தாலியரான விட்டோரியோ குரூன்வால்ட், ஆண்டு 1885. ஏட்டளவில் இருந்த இந்தக் கருத்தைப் போலந்து நாட்டினர் 1950களின் இறுதியிலும் 1960களிலும் பினெக், யுஎம்சி-1 ஆகிய கணினிகளில் செயல்படுத்தினர். அவை பயன்படுத்தியது மைனஸ் இரண்டு அடிமானம். இடமதிப்புகள் 1, −2, 4, −8, 16 எனச் செல்லும்.

மேலே சொன்ன வழிமுறைகள் எல்லாம் சிறு மாற்றத்துடன் இதற்கும் பொருந்தும். 9090க்குப் பதிலாக, இரும எண்ணான 1010ஐ, அதாவது பத்தைக் கூட்டி, குறை இடங்களில் 0ஐ 1 ஆகவும் 1ஐ 0 ஆகவும் மாற்ற வேண்டும். ஒன்பதை எடுத்துக்கொண்டால் 9 + 10 = 19; இரும முறையில் 10011; குறை இடங்களை மாற்ற 11001; சரிபார்க்க 16 − 8 + 1 = 9. இலக்கத் தொகை 3 என்பதால் மூன்றால் வகுபடுகிறது, ஏனெனில் −2இலிருந்து 1ஐக் கழித்தால் −3. ஐந்து இலக்கங்கள், ஆகவே மிகை எண்.

குறிக்கென்று தனி இடம் ஒதுக்காமல், கூட்டலில் மிகை, குறை என்று வேறுபடுத்தாமல் இயங்கும் இந்த முறை பொறியாளர்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை. எனினும் இதில் எழுதக்கூடிய எண்களின் எல்லை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது: மைனஸ் பத்தில் நான்கு இடங்கள் −9090 முதல் 909 வரை எட்டுவதுபோலவே, மைனஸ் இரண்டில் எட்டு இடங்கள் −170 முதல் 85 வரை மட்டுமே எட்டுகின்றன. இன்றைய கணினிகள் குறை எண்களைக் குறிக்கப் பயன்படுத்தும் இரண்டின் நிரப்பி (two's complement) முறையோ அதே எட்டு இடங்களில் −128 முதல் 127 வரை ஏறக்குறையச் சமமாகப் பரவுகிறது. அத்துடன், அங்கே எல்லா இலக்கங்களிலும் 0ஐ 1 ஆகவும் 1ஐ 0 ஆகவும் மாற்றி, பின் 1ஐக் கூட்டினால் எதிர் எண் கிடைத்துவிடுகிறது. குறை அடிமானத்தில் [18045]இலிருந்து [2175]க்குச் செல்ல அப்படியொரு நேர்வழி இல்லை, பூஜ்யத்திலிருந்து இடம் இடமாகக் கழித்தோ [19]ஆல் பெருக்கியோதான் போக வேண்டும்.